ஜப்பான் மெஷின்

அக்காவுக்கு அன்று அரை நாள் லீவு கிடைத்ததே பெரும்பாடு. பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து நேரம் குறிக்கிற வேலை அவளுக்கு. "தம்பியோட முதல் ஆல்பத்தைப் போட்டுக் காட்டுறாங்க சார், அதுல நான் பாடியிருக்கேன்" என்று டாக்டரிடம் கெஞ்சித்தான் வாங்கினாள். அட்டையில் பேர் வருமா என்று நர்ஸ்கள் ஆளுக்கொரு தரம் கேட்டுவிட்டார்கள். "வராம? தம்பி சொல்லியிருக்கான்" என்றாள். ஒன்பது பாட்டு, ஒவ்வொன்றின் கீழும் பாடியவர் என்று அவள் பேர். அதற்காகத்தான் எட்டு மாதம் அத்தனையும் பொறுத்துக்கொண்டாள்.

கொஞ்சமா பொறுத்தாள்! அவள் துணி காயப்போடுகிற பின்னறையைப் பிடுங்கி, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, அதற்கு ஸ்டுடியோ என்று பேர் வைத்துக்கொண்டது ஒரு கூட்டம். ஹவுஸ் மியூசிக்காம். விடாமல் டும் டும் டும் டும் என்று ஒரே இடி, பாட்டுக்கு ஏழு நிமிஷம். அதில் எந்த டும் நல்ல டும் என்று முடிவுசெய்ய மூன்று வாரம் எடுத்துக்கொண்ட மகானுபாவர்கள். தம்பிதான் தலைவர். அடுத்தவன் ஹெட்போன், குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவானா என்பது சந்தேகம். மூன்றாமவன் தலையாட்டி. இடிக்குத் தகுந்தபடி தலையாட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு உத்தியோகம் இல்லை.

"சும்மா டிராக் பாடிக் கொடுக்கா, மெட்டு எப்படிப் போகுதுன்னு பாக்கணும்" என்றுதான் தம்பி ஆரம்பித்தான். வேலை விட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் மைக் முன்னால் நின்று பாடினாள். வரிக்கு வரி அவள் மூச்சிழுப்பது 'ஹ்ஹா' என்று மைக்கில் விழும். ஹெட்போன் அந்த மூச்சை மட்டும் நறுக்கி, இடிக்கு நடுவே ஒட்டினான். டும் ஹ்ஹா, டும் ஹ்ஹா. அப்போதுதான் அந்தக் கட்டை இடிக்கு உயிர் வந்தது. மாதிரிக்கு ஒன்றைக் கேட்ட, ஆல்பம் வெளியிடுகிற கம்பெனிக்காரர் அந்த ஹ்ஹாவுக்காகவே ஒப்பந்தம் போட்டார். "எதுல செஞ்சீங்கப்பா இத?" என்று அவர் கேட்டதற்கு, தம்பி கொஞ்சமும் கூசாமல், "பழைய ஜப்பான் மெஷின் சார், இப்பல்லாம் கிடைக்கிறதே இல்ல" என்று அளந்துவிட்டான். அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. பேர் வருகிறதே, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று கம்பெனியில் அவளைச் சோபாவின் ஓரத்தில் உட்காரவைத்த கையோடு தம்பி குனிந்து காதைக் கடித்தான்.

"அக்கா, கோச்சுக்காத. உன் குரலை எடுத்துட்டோம். போன்ல லட்சம் பேர் பாக்குற ஒரு பொண்ணைப் பாட வச்சாச்சு. உன்னோடது கொஞ்சம் வீட்டுக் குரலா இருக்கு."

"அட்டையில?"

"இன்னிக்கு அச்சுக்குப் போகுது. கடைசில நன்றின்னு போட்டு, குடும்பத்தார்னு சேத்திருக்கோம்."

குடும்பத்தாராம்! அக்காவுக்கு அவமானத்தில் காது சுட்டது. நாளைக்கு நர்ஸ்கள் முகத்தில் எப்படி முழிப்பது? எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். அதற்குள் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

டும். ஒன்றுமில்லை. டும். ஒன்றுமில்லை. நடுவே அந்த லட்சம் பேர் பெண், காலியான கல்யாண மண்டபத்தில் மாட்டிக்கொண்டவள் மாதிரி தனியாகப் பாடினாள். அடுத்த பாட்டும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

"அந்தச் சத்தம் எங்கப்பா?" என்றார் கம்பெனிக்காரர்.

ஹெட்போன் லேப்டாப்பைப் பார்த்தான். கோப்புகளைக் காணவில்லை என்று திரை முழுக்கச் சிவப்பாக எழுதியிருந்தது.

"டேய், யாருடா அழிச்சது?" என்று தம்பி பல்லைக் கடித்தான்.

"நீதான சொன்ன, அக்கா பாடினது ஒண்ணு விடாம தூக்கிடுன்னு? குப்பையையும் காலி பண்ணிட்டேன். மூச்சுத் துண்டெல்லாம் அதுலேருந்துதான்டா வந்துட்டிருந்துச்சு."

மூன்று வாரம் ஒரு டும்மை ஆராய்ந்த மேதைகளுக்கு இது தோன்றவில்லை. அழித்த பிறகு ஒரு தடவை போட்டுக் கேட்டார்களா என்றால், அதுவும் இல்லை. தலையாட்டி மட்டும் இப்போதும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன குசுகுசுன்னு?"

"மெஷின் ரிப்பேர் சார்," என்றான் தம்பி. அக்கா பக்கம் ஓரக்கண்ணால் ஒரு கெஞ்சல் வேறு. "பழசு இல்லையா, அப்பப்ப மக்கர் பண்ணும். ரெண்டு நாள்ல சரி பண்ணிடலாம்."

பழசாம். மக்கராம். அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். மேஜையில் டும் என்று ஒரு தட்டு தட்டி, ஆழமாக மூச்சிழுத்தாள்.

ஹ்ஹா.

கம்பெனிக்காரர் நாற்காலியோடு திரும்பினார்.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

"யாருப்பா இவங்க?"

"எங்க அக்கா சார்."

"பேர் கிடையாதா அவங்களுக்கு?"

தம்பி முணுமுணுத்தான். "சத்தமா சொல்லுப்பா" என்றார் அவர். சொன்னான். எட்டு மாதத்தில் ஆல்பத்தோடு சேர்த்து அந்தப் பேரை அவன் சொன்னது அதுவே முதல் தடவை.

"அம்மா, உள்ள மைக் இருக்கு. மூச்சு மட்டும் கொஞ்சம்..."

"மூச்சு மட்டும் கிடைக்காது சார். ஒன்பது பாட்டையும் நானே பாடுவேன், ஒன்பதுலயும் என் பேர் இருக்கணும். அச்சடிச்ச அட்டையோட தம்பி ஆஸ்பத்திரிக்கு வரட்டும். இன்னிக்கு என் லீவு முடிஞ்சிடுச்சு."

மறுநாள் காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே மூன்று பேரும் வந்து நின்றார்கள். தம்பி அட்டையை நீட்டினான். அக்கா நர்ஸ்களைக் கூப்பிட்டு, ஒன்பது இடத்தையும் விரல் வைத்துக் காட்டினாள். பிறகு ஒரு டோக்கனைக் கிழித்துத் தம்பி கையில் கொடுத்தாள்.

"பதினேழு. உக்காருங்க, கூப்பிடுறேன்."