பதினாலாங்கட்டைப் பொத்தான்கள்

சன்னாசிக்கு டிசம்பர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் மாதம். மலேசியாவில் பத்து காஜா என்ற ஊரிலும் பக்கத்து ஈப்போவிலும் வீட்டு வாசல்களில் புல் வெட்டுவது அவர் பிழைப்பு. மழை பிடித்துக்கொண்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால்தான், "ஞாயித்துக்கிழமைகள்ல உங்க பிக்கப்புல ஒரு இடத்துக்குப் போலாமா அண்ணே?" என்று ஹரிஷாந் கேட்டபோது, எங்கே என்றுகூடக் கேட்காமல் சரி என்றுவிட்டார்.

ஹரிஷாந் ஈப்போவில் ஒரு பல் மருத்துவரிடம் பல் செட் செய்து கொடுக்கிறவன். வயது முப்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் குடும்பம். அவன் வீட்டுப் புல்லை நான்கு வருடமாகச் சன்னாசிதான் வெட்டுகிறார். அவனிடம் மண்ணுக்கு அடியில் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று இருந்தது. நீளமான தண்டு, நுனியில் வட்டத் தட்டு, காதுக்கு ஹெட்போன். அதை வைத்துக்கொண்டு அவன் தேடியது தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. பழைய பட்டாளத்துச் சட்டைப் பொத்தான்கள்.

"அத வச்சு என்ன பண்ணுவீங்க தம்பி?"

"படம் எடுத்து, எந்த இடத்துல எத்தன அங்குல ஆழம்னு எழுதி, அரும்பொருளகத்துல குடுத்துடுவேன். ஒரு பொத்தான் கிடைச்சா அந்த இடத்துல ஒரு ஆள் நின்னுருக்கான்னு அர்த்தம். வேற யாரும் அவன ஞாபகம் வச்சிருக்கப் போறதில்ல."

அவன் குறித்து வைத்திருந்த இடம் சிலிம் ரிவர் ஊருக்கு வெளியே, சாலையின் பதினாலாவது மைல்கல்லை ஒட்டிய பதினாலாங்கட்டைத் தோட்டம். நாற்பத்திரண்டாம் வருடம் ஜனவரியில் ஜப்பான்காரனின் டாங்கிகள் அந்தச் சாலையில் பாய்ந்தபோது, வெள்ளைக்காரனின் பட்டாளம் சிதறி இருபுறமும் ரப்பர் காட்டுக்குள் ஓடியது. ஓடியவர்களில் பஞ்சாபிகளும் கூர்க்காக்களும் நிறையப் பேர். இப்போது அங்கே ஒரு பால்மரமும் கிடையாது, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மாயாண்டி சன்னாசிக்குப் பழக்கம் என்பதால் உள்ளே விட்டார். மண் இளகிக் கிடப்பதால் வண்டியை மட்டும் பள்ளத்துப் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்றார். ரப்பருக்கும் முன்னால் அங்கே ஈயம் தோண்டியிருந்தார்களாம்.

மழைக்காலத்தில் வந்ததற்கு ஹரிஷாந் ஒரு காரணம் சொன்னான். மண் ஊறியிருந்தால் ஆழத்தில் கிடப்பதும் சத்தம் கொடுக்குமாம்.

முதல் ஞாயிறு அப்படித்தான் கொடுத்தது. இரண்டு செம்பனை வரிசைகளுக்கு நடுவே, தண்ணீர் வடியும் கானை ஒட்டிய தாழ்வான இடம். ஒரு முழம் தோண்டியதும் பொத்தான் வந்தது. பச்சை பிடித்து, விளிம்பு அரித்து, பிஸ்கட் துண்டு மாதிரி இருந்தது. ஹரிஷாந் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். பிறகு அந்தக் குழிக்குள்ளும் சுற்றிலும் கருவியை நான்கு முறை ஓட்டிப் பார்த்தான். ஒரு சத்தமும் இல்லை. குழியை மூடிவிட்டு வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அதே குழியில் கருவி கத்தியது.

"போன வாரம் காலின்னு சொன்னீங்களே," என்றார் சன்னாசி.

"காலியாத்தான் இருந்திச்சு. மழையில மண்ணு நகர்ந்திருக்கும் லா."

இரண்டாவது பொத்தானில் பச்சை குறைவு. மேலே இருந்த கிரீடம் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் ஞாயிறும் அதே குழி, அதே ஆழம். அந்தப் பொத்தான் மஞ்சளாகவே இருந்தது. பின்னால் இருந்த வளையத்தில் நூல் சிக்கியிருந்தது. மண்ணுக்குள் எண்பது வருடம் நூல் தாங்குமா என்று சன்னாசி கேட்டார். காற்றுப் படாத சேற்றில் தாங்கும் என்றான் ஹரிஷாந். ஆனால் அதைச் சொன்னபோது அவன் சன்னாசியைப் பார்க்கவில்லை.

நான்காவது வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. காலை பத்து மணிதான், ஆனாலும் மட்டைகளுக்கு அடியில் சாயங்காலம் போல இருந்தது. பொத்தானோடு விரல் நகம் அளவு காக்கித் துணியும் சேர்ந்து வந்தது. பித்தளை பளபளத்தது. சன்னாசி அதைக் கையில் வாங்கினார். சேற்றிலிருந்து எடுத்த பொருள் குளிர்ந்திருக்க வேண்டும். அது வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் ஒருவர் சட்டையிலிருந்து கழற்றிக் கொடுத்தது போல.

"தம்பி, இதோட நிறுத்திக்கலாம்."

"சட்டைக்கு முன்னால அஞ்சு பொத்தான் அண்ணே. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அன்று அந்தப் பொத்தானை ஒரு நாள் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி வீரம்மா வீட்டிலேயே துணி தைக்கிறவள், பள்ளிச் சீருடை முதல் கல்யாண பிளவுஸ் வரைக்கும். தையல் மிசின் விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க எடுத்தீங்க?"

"தோட்டத்துல. மண்ணுக்குள்ள."

"மண்ணுக்குள்ளயா? நூலு போன வாரம் தைச்ச மாதிரில இருக்கு." நுனியை நகத்தால் பிரித்தாள். "இது கத்தரிச்சது இல்லைங்க. துணியோட பிச்சிக்கிட்டு வந்திருக்கு. யாரோ சட்டையப் புடிச்சு இழுத்திருக்காங்க."

"சண்டையில இருக்கும்."

"சண்டையில இழுத்தா பக்கமா கிழியும். இது மேல இருந்து இழுத்தது. ஒரு ஆளோட கனம் மொத்தமும் இந்த நூல்ல தொங்கியிருக்கு. தாங்கல, பிச்சிக்கிச்சு." பொத்தானை மேசையில் வைத்துவிட்டு விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "கொண்டுபோய்க் குடுத்துடுங்க. வீட்டுல வேணாம்."

மறுநாள் கொடுத்தார். வீரம்மா சொன்னதையும் சொன்னார். தான் இனி வரப்போவதில்லை என்றும் சொன்னார். ஹரிஷாந் கோபப்படவில்லை. "ஓம் அண்ணே, பரவால்ல," என்றான். நான்கு பொத்தான்களையும் ஒரு வெள்ளைத் துணியில், நடுவில் சம இடைவெளி விட்டு, மேலிருந்து கீழாக வைத்திருந்தான். கடைசிப் பொத்தானுக்கான இடம் காலியாக இருந்தது.

ஐந்தாம் ஞாயிறு விடிந்ததிலிருந்து சன்னாசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்கப் பெய்திருந்தது. எட்டு மணிக்கு ஹரிஷாந்துக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. எட்டரைக்கும் எடுக்கவில்லை. பாதி குடித்த கோப்பியை வைத்துவிட்டுப் பிக்கப்பை எடுத்தார். சிலிம் ரிவர் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். வழி நெடுக, வீணாகப் போகிறோம், அவன் தூங்கிக்கொண்டிருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனார்.

ஹரிஷாந்தின் கார் தோட்டத்துச் சாலையோரம் நின்றது. சன்னாசி பள்ளத்தை நோக்கி ஓடினார். முதலில் கண்ணில் பட்டது ஹெட்போன். ஒரு செம்பனை மட்டையில் மாட்டியிருந்தது. அதற்கு அப்பால், அவர்கள் தோண்டிய குழி இருந்த இடத்தில், குழி இல்லை. ஒரு பாய் விரிக்கும் அகலத்துக்குச் சாம்பல் நிறச் சேறு இருந்தது. அதில் இடுப்பு வரை புதைந்து ஹரிஷாந் நின்றான்.

அவன் கத்தவில்லை. அதுதான் சன்னாசியைப் பயமுறுத்தியது.

"கிட்ட வராதீங்க அண்ணே. ஓரமெல்லாம் இளகியிருக்கு."

"எவ்வளவு நேரமாச்சு?"

"தெரியல. அசைஞ்சா இறங்குது. அதான் அசையாம நிக்கிறேன்."

கயிறு பிக்கப்பில் இருந்தது. அதை எடுக்கத் திரும்பிய அந்த நொடியில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது, வாயைத் திறந்து மூடியது போல. திரும்பிப் பார்த்தால் சேறு ஹரிஷாந்தின் வயிற்றுக்கு மேல் ஏறியிருந்தது. சன்னாசி யோசிக்கவில்லை. வெட்டிப் போட்டிருந்த மட்டைகளை இழுத்துச் சேற்றின் மேல் போட்டு, அவற்றின் மீது குப்புறப் படுத்து, எட்டிய இடத்தைப் பிடித்தார். எட்டியது சட்டையின் மார்பு.

இழுத்தார். ஒரு பொத்தான் தெறித்தது. பிடியை மாற்றி இன்னும் கொத்தாகப் பிடித்தார். இன்னொன்று தெறித்தது. துணி கிழிகிற சத்தம் அவர் காதுக்குள்ளேயே கேட்டது. ஹரிஷாந் மார்பு வரை இறங்கிவிட்டான். மழை அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது, கண்ணை மூடவும் இல்லை.

"அண்ணே, விட்டுடுங்க. நீங்களும் வந்துடுவீங்க."

"வாய மூடு லா."

அப்போதுதான் அது நடந்தது. இறங்கிக்கொண்டிருந்தவன் நின்றான். நின்றதோடு இல்லை, ஒரு சாண் மேலே வந்தான். சன்னாசி இழுத்ததால் இல்லை. அவர் கையில் கிழிந்த துணிதான் இருந்தது, அதில் இழுப்பே இல்லை. கீழே ஒரு படி முளைத்து அதில் கால் வைத்தவன் போல ஹரிஷாந் எழும்பினான். சன்னாசி இரண்டு கைகளையும் அவன் அக்குளுக்குள் விட்டு, முட்டியை மட்டையில் ஊன்றி, உயிரைக் கொடுத்து இழுத்தார். சேறு அவனை அரைமனதாக விட்டது. இரண்டு பேரும் மட்டைகளின் மேல் புரண்டு, கான் கரைக்கு வந்துதான் மூச்சு விட்டார்கள்.

ஹரிஷாந் மழையில் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. சன்னாசியின் வலது கை இன்னும் மூடியபடியே இருந்தது. விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக விரித்தார். உள்ளே ஹரிஷாந்தின் சட்டைப் பொத்தான்கள் இரண்டு, வெள்ளைப் பிளாஸ்டிக். அவற்றோடு பித்தளைப் பொத்தான் ஒன்று. கிரீடத்தின் கோடுகள்கூட மழுங்கவில்லை. காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

ஹரிஷாந் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சன்னாசி சேற்றின் ஓரமாக ஊர்ந்து போய், பித்தளைப் பொத்தானை மட்டும் உள்ளே விட்டார். எறியவில்லை, விட்டார். அது மேலே ஒரு கணம் இருந்தது. பிறகு இல்லை.

மாயாண்டியிடம் சொன்னார்கள். தோட்ட ஆபீஸில் அன்றே ஆளனுப்பி, இடத்தைச் சுற்றிக் கம்பி கட்டினார்கள். ஹரிஷாந் நான்கு பொத்தான்களையும், தன் கையெழுத்தில் எழுதிய குறிப்புகளையும் அரும்பொருளகத்தில் ஒப்படைத்தான். மார்ச்சில் வெயில் காய்ந்து மண் இறுகிய பிறகு அங்கிருந்து மூன்று பேர் வந்தார்கள். பன்னிரண்டு அடி இரும்புக் குழாயைப் பல இடங்களில் இறக்கிப் பார்த்தார்கள். பழைய ஈயக்குழிச் சேறு, அடியே தட்டுப்படவில்லை. கல் இல்லை, வேர் இல்லை, கட்டை இல்லை. கால் ஊன்ற அங்கே ஒன்றுமே கிடையாது என்று மாயாண்டி போனில் சொன்னார்.

அதைச் சன்னாசி ஹரிஷாந்திடம் சொல்லவில்லை. ஐந்தாவது பொத்தானைப் பற்றியும் சொல்லவில்லை, வீரம்மாவிடம்கூட. ஹரிஷாந் கருவியை விற்றுவிட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று தெரியாமல் பத்து காஜாவுக்கு வரத் தொடங்கினான். வீரம்மா தோசை சுடுவாள். மூவரும் சாப்பிடுவார்கள், டீவி ஓடிக்கொண்டிருக்கும், அந்தத் தோட்டத்தின் பெயரை யாரும் எடுப்பதில்லை.

ஏப்ரலில் ஒரு நாள், வீரம்மா அடுப்படியில் இருந்தபோது, அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு என் காலுக்குக் கீழ வந்தது கட்டை இல்ல. தோள் அண்ணே. ரெண்டு பக்கமும் தெரிஞ்சிச்சு, நடுவுல தலை. என் முட்டிக்கிட்ட தலை."

சன்னாசி கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டிலேயே வைத்தார்.

"நான் வேற வழியில்லாம மிதிச்சுத்தான் மேல வந்தேன். மிதிக்கும்போது அது கீழ இறங்கிச்சு. எனக்கு நல்லா தெரிஞ்சிச்சு." அவன் குரல் உடைந்தது. "எண்பது வருஷமா கொஞ்சங் கொஞ்சமா மேல வந்துக்கிட்டு இருந்திருக்கான்ல?"

சன்னாசி எழுந்து போய், டீவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முதுகில் கை வைத்தார். அவன் அழுது முடிக்கும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.