அப்பாவுக்கு ஒரு ஸ்டூல்

எழுபத்துநாலாம் வருஷம் என்னைப் பைத்தியம் என்று சொல்லாதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. முந்தின வருஷம் அடித்த காற்றில், கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணி ஒன்று திரும்பவில்லை. அதில் தச்சு வேலைக்கு என் வீட்டுக்காரர் வில்பிரட் போயிருந்தார். அதில் போன மற்றவர்கள் வீடுகளில் செத்தவர்களுக்கான பூசை வைத்து அழுது ஓய்ந்துவிட்டார்கள். நான் வைக்கவில்லை. உடலைக் கண்ணால் பார்க்காமல் தாலியைக் கழற்ற நான் என்ன கிறுக்கச்சியா?

நவம்பர் பிறந்தால் கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றும். அதற்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஆறு வயசு மகள் ரோஸ் வந்து கேட்டாள்.

"அப்பாவுக்கு ஒரு குருசு செய்வமாம்மா?"

உயிரோடு இருக்கிறவருக்குச் சிலுவையா? ஓங்கி அறைந்துவிட்டேன். அப்புறம் அழுகிற பிள்ளையைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

"ஏளா, குருசெல்லாம் வேண்டாம். அப்பா வந்தா உக்கார ஒரு ஸ்டூலு செய்வோம்" என்று அவருடைய சாமான் பெட்டியை இறக்கினேன்.

எனக்குத் தச்சு வேலை தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து மரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டதுதான் என் வேலை. "ஆடாமப் பிடி" என்பார். கொஞ்சம் அசைந்தால் ஏச்சு விழும். அப்படிப் பிடித்துக்கொண்டே பார்த்ததைத்தான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன். கோட்டின் மேலே அறுக்காதே, கோட்டை விட்டு வெளியே அறு. ரம்பத்தை அழுத்தாதே, அதன் போக்கில் விடு. முதல் நாள் ரம்பம் மரத்தில் சிக்கிக்கொண்டது. ரோஸ் காலை உதைத்து அழுதாள். மறுநாள் ஒரு மெழுகுவத்தித் துண்டை ரம்பத்தில் தேய்த்துக் கொடுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. புருவமெல்லாம் மரத்தூளோடு அவள் சிரித்தாள். அப்படியே அவர் முகம்.

அடிச்சட்டத்துக்கு ஒரே நீளத்தில் இரண்டு துண்டு. நடுவில் பாதி ஆழம் செதுக்கி, ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காகப் பதிக்க வேண்டும். நாலு முனையிலும் கால் வைத்து மேலே பலகை அடித்தால் ஸ்டூல். உளியை நான் பிடித்தேன், அவள் தட்டினாள். பதிந்ததும் உப்புத்தாளை எடுத்து விளிம்பையெல்லாம் தேய் தேயென்று தேய்த்தாள்.

"அப்பாவுக்குக் கீறாதுல்லம்மா?"

கீறாது என்றேன். என் மனசுக்குள் அவர் வந்து உட்கார்ந்தே விட்டார்.

கல்லறைத் திருநாள் சாயங்காலம், ஸ்டூலின் கால்களைப் பொருத்தலாம் என்று பார்த்தால் அடிச்சட்டத்தைக் காணோம். ரோஸையும் காணோம். பக்கத்து வீட்டுப் பிலோமினாதான் சொன்னாள்.

"ஒம் மவ கட்டையும் கையுமா கல்லறைக்குல்லா போறா."

முதுகுத்தோலை உரிக்கிறேன் என்றுதான் ஓடினேன். கல்லறை முழுக்க மெழுகுவத்தி வெளிச்சம். மதிலோரம், யாரையும் புதைக்காத மணலில், ரோஸ் அந்தச் சட்டத்தை நட்டுக்கொண்டிருந்தாள். நாலு பக்கமும் ஒரே நீளம். ஆழப் புதைத்தால் குருசு மறைந்துபோனது, புதைக்காவிட்டால் கடல் காற்றில் சாய்ந்தது. நட்டாள், விழுந்தது. மறுபடியும் நட்டாள்.

என்னைக் கண்டதும் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அடிக்காதம்மா. எல்லாருக்கும் வெளிச்சம் இருக்கு. நம்ம அப்பா மட்டும் இருட்டுக்குள்ள கெடக்காவ."

ஒரு வருஷமாக ஊரே சொல்லி நான் நம்பாததை அப்போது நம்பினேன். அவர் வரமாட்டார். அந்த மணலிலேயே விழுந்து, அன்றுவரை அழாததையெல்லாம் அழுதேன். ரோஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து மண்டியிட்டு, சட்டத்தை நிமிர்த்தி இரண்டு கையாலும் பிடித்தேன். ரம்பத்துக்குத் தேய்த்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டைத்தான் அவள் கொண்டுவந்திருந்தாள். அதை முன்னால் ஊன்றித் தீக்குச்சியை உரசினாள். சட்டம் கொஞ்சம் அசைந்தது.

"ஆடாமப் பிடிம்மா" என்றாள்.

பிடித்தேன்.