தந்தக் கப்பலில் ஒரு விரிசல்

மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து மதியம் வருகிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தந்தக் கப்பலின் விரிசல் எங்கே நின்று பார்த்தால் தெரியாது என்று மருமகள் காலையிலிருந்து இடம் மாறி மாறி நின்று பார்த்தாள். எங்கே நின்றாலும் தெரிந்தது.

உள்ளங்கையில் அடங்கிவிடும் பழங்காலத்துக் கப்பல். பாய்கள் நகத்தைவிட மெல்லியவை. விளக்கைப் போட்டால் வெளிச்சம் ஊடுருவி வரும். மாமனார் பல் டாக்டராக இருந்தவர். "என் ஆயுசுல நான் பிடுங்காத ஒரே பல்லு இது" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். காய்ந்தால் தந்தம் வெடித்துவிடும் என்று பெட்டிக்குள் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, வற்ற வற்ற ஊற்றுவார்.

"ஊருல எல்லாரும் தண்ணியில கப்பல் விடறான். நம்ம வீட்டுலதான் கப்பலுக்குத் தண்ணி காட்டறோம்" என்பான் கணவன்.

இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கிண்ணத்தை அவளிடம்தான் ஒப்படைத்தார். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. கப்பல் இருந்த அவர் அறையில் ஏசி உண்டு என்பதால் மேசையை அங்கேயே மாற்றிக்கொண்டாள்.

அவளுக்குக் காய்ச்சல் கண்டிருந்த ஒருநாள் அவர் போன் செய்தார். "கப்பலுக்குத் தண்ணி வச்சியாம்மா?" அவள் தொண்டை கட்டியிருந்தது அவர் காதில் விழவே இல்லை. "வச்சேன் மாமா" என்றாள். போய்ப் பார்த்தால் கிண்ணம் காய்ந்திருந்தது. கிடக்கட்டும் என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுநாளும் பார்த்தாள், அதற்கடுத்த நாளும். கோபம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. இருந்த கோபமும் முதல் நாளே தணிந்திருந்தது. கை மட்டும் நீளவில்லை. நகம் வெட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்ட பிறகுதான் ஓடிப்போய் ஊற்றினாள்.

கணவன் தள்ளிவந்த சக்கர நாற்காலி நேராகப் பெட்டியின் முன்னால் போய் நின்றது. மாமனார் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"மறந்துட்டேன் மாமா." வாய் முந்திக்கொண்டது.

"விடுங்கப்பா. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சதுல அவளுக்குச் சாப்பிடவே நேரமில்ல" என்றான் கணவன்.

"நான் என்னடா சொன்னேன் இப்போ? வேணும்னா செஞ்சா? தொல்லை பிடிச்சதை அவ தலையில கட்டிட்டுப் போனது என் தப்பு."

அவர் மன்னித்தது ஒரு மறதிக்காரியை. அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டால், இனி இந்த வீட்டில் அந்த மறதிக்காரியாகவே நடமாட வேண்டும். அதுவும் சுலபம்தான் என்று தோன்றியபோது அவளுக்குப் பயமாக இருந்தது.

"மறக்கல மாமா. காஞ்சு கிடந்ததைத் தினமும் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் ஊத்தாம இருந்தேன்."

"என்ன உளர்றே?" என்றான் கணவன்.

மாமனார் அவனைக் கையமர்த்தினார். "போன்ல கேட்டப்ப வச்சேன்னியே?"

"ஆமா."

கப்பலை விட்டுவிட்டு அவர் அவளையே பார்த்தார். குரல் உயரவில்லை. "இனிமே எனக்கு மாத்திரை நீதான் எடுத்துத் தரணும். கொடுத்துட்டேன்னு நீ சொன்னா நான் நம்பணும். அதைத்தான் யோசிக்கிறேன்."

ஏன் செய்தாய் என்று கேட்டிருந்தால் காய்ச்சலைச் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை.

கணவன் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கி, மதிய மாத்திரையைப் பிரிக்காமல் அட்டையோடு நீட்டினாள். நேற்றுவரை ஆஸ்பத்திரியில் அவள் தந்ததைப் பார்க்காமலே வாயில் போட்டுக்கொண்டவர், சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். அட்டையை வெளிச்சத்தில் பிடித்து மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டி முணுமுணுத்தார்.

அவர் படித்து முடிக்கும்வரை அவள் தண்ணீர் டம்ளரோடு நின்றாள்.