கங்காணி வசவை விட்ட லெந்து

எங்கள் வேதக்கண் கங்காணிக்கு ஒரு குறை உண்டு என்றால், "ஒண்ணுதானா?" என்று மேல் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். சபை கண்ட குறை ஒன்றுதான். அது அவருடைய வாய்.

இலங்கையில் பண்டாரவளைக்கு ரயில் வந்த புதிது. ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் வீட்டுக்காரர் தேவபிச்சை உபதேசியாராக இருந்தார். தகரக் கூரை போட்ட ஜெபவீடு, அதை ஒட்டி எங்கள் இரண்டு அறை. சபை, நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிற ஸ்காட்லாந்துப் பாதிரிமாருடைய பிரஸ்பிட்டேரியன் சபை. அவர்களுக்கு எல்லாவற்றிலும் ஒரு கண்டிப்பு உண்டு. ரொட்டியும் திராட்சை ரசமும் கொடுக்கிற இராப்போஜனம் வருஷத்துக்கு இரண்டு தடவைதான். அதற்கு முன் சபை மூப்பர் விசாரித்து, நடத்தை சரியாக உள்ளவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு ஈய வில்லை கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அந்த வில்லையைத் திருப்பிக் கொடுத்தவர்தான் மேசையில் உட்காரலாம். வில்லை இல்லாதவர் வெளியே.

வேதக்கண் அந்த வில்லையைக் கையால் தொட்டதே கிடையாது. எங்கள் மூப்பர் மாசிலாமணி தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. "நாவை அடக்காதவனுக்கு மேசையில எடமில்ல" என்று ஒவ்வொரு தடவையும் கங்காணியின் வாசலில் நின்று சொல்லிவிட்டு, அதே வாசலில் கங்காணியின் பெஞ்சாதி ஞானப்பூவின் கையில் ஒரு வில்லையை வைத்துவிட்டுப் போவார். ஞானப்பூ வாய் பேசாதவள். லயத்துக்குப் புதிதாக வந்தவர்கள் அவளை ஊமை என்றே நினைத்தார்கள். அவள் உள்ளே போவாள். தோட்டத்தையே கிடுகிடுக்க வைக்கிற மனிதர், பெஞ்சாதியின் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே கல்லில் உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

இத்தனைக்கும் அவருடைய வசவில் விஷம் கிடையாது. விடியற்காலையில் தம் கூட்டத்து ஆட்கள் இருக்கிற மேல் லயம், கீழ் லயம் இரண்டுக்கும் முன்னால் நின்று, "பாடையில போறவளுகளா! சோத்து மூட்டைகளா! இன்னும் தூக்கமா?" என்று தொடங்கி ஏழு தலைமுறையையும் இழுப்பார். பெயர் சொல்லி ஒருவரையும் வைய மாட்டார். அந்தச் சத்தத்தில்தான் அடுப்பு பற்றும், பிள்ளைகள் எழும்பும், பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, தப்படிக்கிறவனே கண் விழிப்பான். சேவல் கூவுகிறதென்று யாராவது கோபித்துக்கொள்வார்களா?

லெந்து என்கிற, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதம் ஐயருடைய ஊர் வழக்கத்தில் இல்லையாம். "வேதத்தில் அது எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்பார். ஆனால் எங்கள் ஜனங்கள் மதுரை, திருச்சிப் பக்கத்தில் வேறு வேறு சபைகளில் இருந்துவிட்டு வந்தவர்கள். சட்டி பானையோடு லெந்தையும் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியவர்கள். ஐயரோ பதுளையில் இருந்தார், எப்போதாவது குதிரையில் வருவார். ஆகவே லெந்து எங்களோடு தங்கிவிட்டது.

அந்த வருஷம் லெந்துக்கு முந்தின ஞாயிறு என் வீட்டுக்காரருக்குப் பிரசங்கத்தில் ஒரு வேகம் வந்துவிட்டது. "இறைச்சியை விடுகிறேன் என்கிறீர்கள். கிறிஸ்மஸுக்குப் பிறகு இறைச்சியைக் கண்ணால் கண்டவர் யார்? இல்லாததை விடுவது ஒரு விரதமா? எது இல்லாமல் ஒரு நாள்கூட முடியாதோ, அதை விடுங்கள்" என்றார்.

ஒருத்தி வெற்றிலையை விட்டாள். மாசிலாமணி எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு சீனியை விடுவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் காபியில் கருப்பட்டி போட்டுக் குடித்தார். கருப்பட்டி சீனியில் சேராதாம். நான் எதையும் விடவில்லை, இவர்களுக்கெல்லாம் காபி போட ஓர் ஆள் வேண்டாமா?

கடைசி பெஞ்சில் வேதக்கண் எழுந்தார். "நான் வசவை விடுறேன் சாமி. ஈஸ்டர் விடியுற வரைக்கும்" என்றார்.

மாசிலாமணி மெல்லத் திரும்பிப் பார்த்தார். "செஞ்சு காட்டுங்க கங்காணி. செஞ்சிட்டீங்கன்னா நானே என் கையால வில்லை தர்றேன்" என்றார். அது நடக்காது என்ற நம்பிக்கை அவருக்கு.

சேதி அன்று மாலையே தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துப் பிரிவுக் கங்காணி கந்தப்பன் முருக பக்தர். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாமிக்கு முடி குடுத்தவனைப் பாத்திருக்கேன், கெடா குடுத்தவனைப் பாத்திருக்கேன். வசவைக் குடுத்தவனை இப்பத்தான்யா பாக்குறேன்!"

லெந்து தொடங்குகிற புதன்கிழமை விடிந்தது. வேதக்கண் லயத்துக்கு முன்னால் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தாயி அங்கம்மா, பொழுது விடிஞ்சிருச்சும்மா. கொஞ்சம் எந்திரிக்கலாங்களா?" என்றார்.

அங்கம்மா அலறிப் புடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாருக்கோ சாவு என்று நினைத்துவிட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து அவரை உற்றுப் பார்த்தார்கள். ஒருத்தி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "கங்காணிக்கு ஆயுசு முடியப்போகுது, அதான் நல்ல புத்தி வந்திருக்கு" என்று பேசிக்கொண்டார்கள். அன்று மாலை ராசம்மா தன் குலசாமியின் விபூதியைக் கொண்டுபோய் ஞானப்பூவிடம் கொடுத்தாள். ஞானப்பூ அதைப் பத்திரமாக மாடத்தில் வைத்தாள். கிறிஸ்தவ வீட்டில் விபூதியா என்று நான் கேட்கவில்லை, அது அன்பாகக் கொடுத்தது.

பயம் நாலு நாள்தான். அதற்குமேல் அந்தத் தேன்மொழி தாலாட்டாகிப் போனது. அவர் கெஞ்சக் கெஞ்ச இவர்கள் கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் ஓங்கி அடிப்பான் என்பது சும்மாவா? பெரட்டுக்களத்தில் மற்ற கூட்டமெல்லாம் வரிசை கட்டி நிற்க, வேதக்கண்ணின் கூட்டம் வெயில் ஏறிய பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தது. தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை குதிரையின் மேலிருந்தபடியே, இன்னும் ஒரு கிழமை இப்படி நடந்தால் கூட்டத்தைக் கந்தப்பனுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

வேதக்கண் எங்கள் வீட்டு வாசலில் வந்து குந்தினார். முகம் வீங்கியிருந்தது.

"உபதேசியாரம்மா, நெஞ்சுக்குள்ள வசவு கட்டிக்கிட்டு பொருமுதும்மா. ராவெல்லாம் தூக்கமில்ல."

"ஆத்துப் பள்ளத்துக்குப் போய் ஆள் இல்லாத எடத்துல ஒரு மூச்சு கத்திட்டு வாங்களேன்" என்றேன் நான்.

"ஆண்டவருக்குக் காது இருக்கேம்மா" என்றார். அப்படிச் சொன்ன மனிதருக்குத்தான் மேசையில் இடமில்லை என்கிறார்கள். மாசிலாமணியின் மேல் எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சோறு அடிப்பிடித்துவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் துரையின் குதிரை லயத்துக்கே வந்துவிட்டது. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. வேதக்கண் வாயை இறுக்கிக்கொண்டு நின்றார், கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. அப்போது கையில் அகப்பையோடு ஞானப்பூ வெளியே வந்தாள். புருஷனைப் பார்த்தாள், துரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"ஏ அங்கம்மா! தலைவலின்னு படுத்திருக்கியே, நேத்து அடுத்த வீட்டுக் கோழியை அடிச்சுக் கொழம்பு வச்சுத் தின்னது செமிக்கலையா? ஏ ராசம்மா! உன் மாமியாளுக்குத் தெரியாம நீ மண்ணுக்குள்ள பொதச்சு வச்சிருக்கிறதை நான் தோண்டிக் காட்டவா?"

மூன்றாவது வீட்டுக்கு அவள் திரும்புவதற்குள் லயத்துக் கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. இத்தனை வருஷம் வாய் பேசாமல் இருந்தவள் காதைத் திறந்துதான் வைத்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாத சங்கதி அந்த லயத்தில் ஒன்றுமில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று நான் பழமொழியாகத்தான் கேட்டிருந்தேன். புருஷன் வைதால் ஊரே சிரிக்கும். இவள் பேசினால் ஒருத்திக்குச் சிரிப்பு, இன்னொருத்திக்குக் கண்ணீர். லெந்து முடியும்வரை தினமும் அவள்தான் லயத்தை எழுப்பினாள். தோட்டத்திலேயே முதலாவதாகப் பெரட்டுக்கு வந்தது வேதக்கண்ணின் கூட்டம். கங்காணி பின்னால் கைகட்டிக்கொண்டு ஆட்டுக்குட்டி மாதிரி வந்தார்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் ஐயர் பதுளையிலிருந்து ரொட்டியும் திராட்சை ரசமும் கொண்டுவந்து சேர்ந்தார். மூப்பர் கூட்டம் எங்கள் வீட்டில். நான் அடுப்படியில், காது முன்னறையில்.

மாசிலாமணி தொடங்கினார். "புருஷனும் பெஞ்சாதியும் ஒரே மாம்சம்னு வேதம் சொல்லுதுங்க ஐயரே. அவ வாய் அவரு வாய். விரதம் முறிஞ்சு போச்சு."

கருப்பட்டிக் காபியை அவர் மடியில் கொட்டலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அதற்குள் ஐயர் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். வேதக்கண் தலை குனிந்து நின்றார். ஞானப்பூ முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஒரே மாம்சம்னா, இத்தனை வருசமா அவரு வைஞ்சப்ப எனக்கு மட்டும் ஏங்க வில்லை குடுத்தீங்க?"

ஐயர் கடகடவென்று சிரித்துவிட்டார். "நியாயமான கேள்வி. அவரவர் வாய்க்கு அவரவரே உத்தரவாதி. கங்காணிக்கு வில்லை கொடும்" என்றார்.

மாசிலாமணி கொடுத்தார். வேதக்கண் அந்த ஈயத்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் கணக்கப்பிள்ளை லேசுப்பட்டவரா? "அப்படின்னா இவ வாய்க்கு இவதானுங்களே உத்தரவாதி? மூணு பொம்பளைங்க என்கிட்ட வந்து அழுதிருக்காங்க" என்றார். ஐயர் நெடுநேரம் தாடியைத் தடவினார். அழுதவர்கள் அழுதது உண்மைதானே. ஞானப்பூவுக்கு வில்லை இல்லை என்று தீர்ந்தது.

"சரிங்க சாமி" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். வேதக்கண் ஏதோ பேசப் போனார், அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடிப்போய் அவளைத் தனியாக நிறுத்தினேன். "இப்படி ஆகும்னு தெரியாமயா வாயைத் தொறந்தே?"

"தெரியும்க்கா. எனக்கு எத்தனையோ தரம் கெடைச்சிருச்சு. அவரை வெளிய விட்டுட்டு உள்ள உக்காந்து தின்னா, அந்த ரொட்டி ஒருநாளும் எறங்குனதில்ல. ஒரு தடவையாச்சும் அவரு உள்ள உக்காரட்டும்."

லெந்தில் வெற்றிலையை விட்டவள் உண்டு, சீனியை விட்டவர் உண்டு. விட்டது என்றால் இவள் விட்டதுதான். நான் அங்கேயே நின்று அழுதேன்.

ஈஸ்டர் காலை. வேதக்கண் வெளுத்த சட்டை போட்டு முதல்முறையாக மேசையருகில் உட்கார்ந்திருந்தார். ஞானப்பூ வெளியே கல்லில். ஐயர் ரொட்டியின் மேலிருந்த வெள்ளைத் துணியை எடுத்தார். மாசிலாமணி வரிசையாக வில்லைகளை வாங்கிக்கொண்டு வந்து, வேதக்கண்ணுக்கு முன்னால் கையை நீட்டினார்.

வேதக்கண் கொடுக்கவில்லை. வாசலைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். மறுபடியும் வாசலைப் பார்த்தார். அவர் காது சிவப்பதை நான் கண்டேன். லெந்து முடிந்து ஈஸ்டர் விடிந்திருந்தது.

"யோவ் கணக்கப்பிள்ளை! எம் பொண்டாட்டி அங்க வெயில்ல உக்காந்திருக்கா. இந்த எழவெடுத்த ஈயத்தை வச்சுக்கிட்டு நான் இங்க என்னத்தய்யா திங்கிறது?"

அதற்கு மேல் சொன்னதை நான் எழுத மாட்டேன். நாற்பது நாள் வட்டியும் முதலுமாக வந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. தம்முடைய இலக்கணத் தமிழில் இல்லாத சொற்களாக இருந்ததால் ஐயர் என் வீட்டுக்காரரிடம் பொருள் கேட்டார். இவருக்கு இருமல் வந்துவிட்டது. வேதக்கண் வில்லையை மேசையின் மேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, ஐயருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார்.

போனவர் அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். பிறகு ஞானப்பூவின் குரல் வந்தது.

"கூறுகெட்ட மனுசா! இதுக்கா நான் இத்தனை நாளா தொண்டை கிழியக் கத்துனேன்? ஊரு பகையெல்லாம் தலையில கட்டிக்கிட்டு உள்ள அனுப்பி வச்சா, வாயில போடுறதுக்குள்ள எந்திரிச்சு வந்து நிக்கிறீங்களே! போங்க உள்ள!"

"போக மாட்டேன்டி! நீ இல்லாத எடத்துல எனக்கு என்னடி வேலை?"

ஐயர் ரொட்டியைக் கையில் எடுத்தபடி அப்படியே நின்றார். வெளியே அவள் விம்முவது கேட்டது. பிறகு அவர் குரல், தாழ்ந்து, "ஒனக்குத் தொண்டை கட்டிப்போச்சு புள்ள. நாளைக்குப் பெரட்டுக்கு நானே கத்துறேன், நீ படு" என்றது.

"அதெல்லாம் முடியாது" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மேல் லயத்தை நீங்க எழுப்புங்க. கீழ் லயம் எனக்கு."

ஜெபவீட்டுக்குள் கீழ் லயத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் "ஆண்டவரே!" என்று பெருமூச்சு விட்டார்கள். ஐயர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார்.