வெண்ணெற்றி தேடிய ஏரி

கூதிர்க்காலத்துக் கதிரவன் மேற்றிசை முகிலிடை மெல்லென அமிழ, ஆலைகளின் புகைக்கூண்டுகள் ஒருபுறமும் நாணற்காடு மறுபுறமும் நெடுநிழல் வீழ்த்திக் கிடந்த அவ்வேரியை, கற்றறிந்தீர், சற்றே உளக்கண்ணால் நோக்குமின். வடபுலத்துப் பனிக்கு அஞ்சி வானெலாம் கடந்து வந்த காட்டுவாத்துகள், யாரோ சாம்பலை வாரி இறைத்தாற்போல் அந்நீர்ப்பரப்பை மூடியிருந்தன.

அவ்வேரியைத் தூர்த்துச் சரக்குக் கிடங்கு எழுப்ப ஆணை பிறந்துவிட்டது. அருகிவரும் வெண்ணெற்றி வாத்து ஒன்றேனும் அங்கு உறைவது உறுதியானால் மட்டுமே அவ்வாணை கைவிடப்படும். அதனைக் கண்டுசொல்லும் பொறுப்போ, அக்கரையிலேயே பிறந்து, பறவைநூல் கற்று, மாநகரில் பணியேற்றிருந்த இளையவளிடம் வந்து சேர்ந்தது. அவள் தமக்கை இன்றும் அந்நீரில் வலைவீசி வயிறு கழுவுபவள்.

நாள்தோறும் நாணலிடை நின்று தொலைநோக்கியால் துழாவிக் கண்கள் பூத்து, கண்டதெல்லாம் ஒரே இனமென உளம் சோர்ந்து, இளையவள் தமக்கையின் குடிலுள் அமர்ந்திருந்த அம்மாலையில், வலையிற் சிக்கிய பறவையொன்றைக் கோணியிற் சுற்றி மார்போடு அணைத்தவளாய்த் தமக்கை உள்ளே வந்தாள்.

“நெத்தியப் பாருடி. வெள்ளையா இருக்கு.”

இளையவள் விளக்கைத் தாழ்த்தினாள். அலகின் அடியில் வெண்மை இருந்தது மெய்யே. ஆயின் அது நெற்றிக்கு ஏறாமல் நகக்கீற்றளவில் நின்றுவிட்டது. கண்ணைச் சூழ்ந்த வளையம் வெண்ணெற்றிக்குரிய மஞ்சளன்று, வெளிறிய செம்மை. அலகு தடித்துச் செம்மஞ்சளாய், கால்கள் இளஞ்சிவப்பாய், சிறகை விரித்தபோது அதன் முன்விளிம்பு வெளிர்சாம்பலாய்த் தோன்ற, எந்நீர்நிலையிலும் எவரும் காணும் எளிய சாம்பல் வாத்தே அது என்பது ஐயமற விளங்கிற்று.

“சாதாரண வாத்துதான், அக்கா.”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற யாரு வந்து கண்ணை உத்துப் பாக்கப் போறா? அந்த வாத்துதான்னு சொல்லிடேன்.”

“பாப்பாங்க. அப்புறம் வேற எந்த ஏரிக்காக நான் பேசினாலும் நம்ப மாட்டாங்க.”

“வேற ஏரி,” என்றாள் தமக்கை மெல்ல. “நான் இந்த ஏரியிலதாண்டி இருக்கேன்.”

அவள் வெளியே சென்று, கோணியை அவிழ்த்துப் பறவையை நீரில் விட்டாள்.

ஆணை பிறப்பித்த அவையின்முன் இளையவள் உண்மையையே உரைத்தாள். அவையோர் அவள் நேர்மையைப் புகழ்ந்தபோது, அப்புகழ் காய்ச்சிய ஈயமாய்ச் செவியிற் பாய்ந்தது. மண்வண்டிகள் வந்தன. தமக்கை வலையைச் சுருட்டிக்கொண்டு, எங்குச் செல்கிறாள் என்றும் உரையாமல் அகன்றாள்.

பலராய் வாழ்வாரைக் காக்க எவ்வாணையும் எழுவதில்லை. அருகி அருகி ஒருவராய் எஞ்சிய பின்னரே உலகம் அவர் பெயரைத் தேடத் தொடங்குகிறது. இதனை நன்கறிந்திருந்த அப்பெண், பொய்யுரையாத தன் நாவினை வாழ்நாளில் ஒருபோதும் வாழ்த்தியதில்லை.