கன்னத்துக்குள் ஒரு மண்கட்டி

காலையில் அடோங்கோவால் கால்களைத் தூக்க முடியவில்லை. மதியத்துக்குள் கைகளும் துவண்டுவிட்டன. ஏழு மாதக் கர்ப்பிணி. வாந்தி நின்ற பிறகும், சொட்டுச் சொட்டாக ஏற்றியும் குப்பி குப்பியாகப் புகட்டியும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவேனா என்று அடம் பிடித்தது. கட்டிலருகே இயந்திரத்தில் இதயத் துடிப்பு நடுநடுவே தாவிக் குதித்தது. நர்ஸ் அபோண்டி அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொட்டாசியம் இன்னும் இறங்கினா இதயம் நின்னுடும் சிஸ்டர், ரெண்டு உயிரும் போயிடும்" என்றார் டாக்டர் ஓம்வெங்கா. "எங்க போய்த் தொலையுதுன்னு தெரியணும். மறுபடி கேளுங்க."

அபோண்டி அடோங்கோவிடம் குனிந்தாள். "பேதி போகுதா? உண்மையச் சொல்லு."

"இல்ல சிஸ்டர்."

"நீர் பிரியுற மாத்திரை? கஷாயம்? உன் மாமியார் ஏதாவது கொடுத்தாங்களா?"

"நானா?" கட்டிலின் கால்மாட்டில் நின்ற மாமியார் சீறினாள். "கொண்டாந்த உகாலிக் களியும் மீனும் தொடாம அப்படியே கெடக்கு. வாயத் தொறந்தாத்தான கொடுக்க!"

"எதுவுமே சாப்பிடல சிஸ்டர். சத்தியமா" என்றாள் அடோங்கோ.

பொய் சொல்கிற முகமில்லை அது. அபோண்டிக்குப் பதற்றம் கூடினால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். சந்தையில் விற்கும் ஒடோவா, சாம்பல் நிற மண்கட்டி, அதில் ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால்தான் மனம் அடங்கும். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது பிடித்த ஆசை, இன்னும் விட்டபாடில்லை. நறுக்கென்று கடித்தாள்.

அந்தச் சத்தம் கேட்டு அடோங்கோ அவள் வாயைப் பார்த்தாள். "எனக்கும் ஒரு துண்டு சிஸ்டர். நேத்து நீங்க கொடுத்தது தீந்துபோச்சு. என்கிட்ட இருந்ததும் முடிஞ்சுது."

அபோண்டி தலையணையைத் தூக்கினாள். காலிப் பை, சுற்றிலும் மண்தூள். இந்தத் தூளை எத்தனை முறை தட்டிவிட்டுப் படுக்கை விரித்திருக்கிறாள்! கர்ப்பிணி மண் தின்பதை இந்த ஊரில் யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்தார்கள்? படித்த இவளும் சேர்க்கவில்லை. புகட்டிய மருந்தின் பொட்டாசியத்தையும், ஏற்றியதில் குடலுக்குள் கசிந்ததையும் அங்கே கிடந்த மண் பிடித்துவைத்துக்கொண்டது.

"ஏதாவது தெரிஞ்சுதா?" என்றார் டாக்டர்.

மண் தின்றாள் என்று மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. அபோண்டி வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள்.

"இதுதான் டாக்டர். நேத்துகூட இவளுக்கு நானே கொடுத்தேன்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "திட்டுறதுக்கு இப்ப நேரமில்ல. வாய் வழியா மருந்து வேண்டாம், புது பாட்டில் போடுங்க. பக்கத்துலயே நில்லுங்க."

அபோண்டி புது பாட்டிலை மாட்டினாள்.

"ஒரே ஒரு துண்டு சிஸ்டர்" என்று அடோங்கோ கெஞ்சினாள்.

அபோண்டி சட்டைப் பையைக் குப்பைத் தொட்டியில் உதறினாள். அப்போதும் அவள் வாயில் எச்சில் ஊறியது.