துர்காதேவியின் வெறும் திரை

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் துர்காதேவி பில் போட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி ராஜாங்கம் எதற்கெடுத்தாலும் "துர்கா" என்றுதான் கூப்பிடுவார். கிரேசி வேலைக்குச் சேரும்வரை அப்படித்தான் இருந்தது.

ஆர்டர் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்த கிரேசி, வந்த வாரமே தன் கம்ப்யூட்டரின் முகத்தை மாற்றிவிட்டாள். மஞ்சள் ஃபோல்டர்கள் போய், விளக்கு ஆர்டருக்கு ஒரு குட்டி விளக்கு, பொம்மை ஆர்டருக்கு ஒரு கிளி, குப்பைத்தொட்டி இருந்த இடத்தில் ஓர் உடைந்த ஜாடி. எல்லாம் கம்பெனிச் சரக்கையே போட்டோ எடுத்துப் போட்டவை. கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாத ராஜாங்கம் குனிந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"இப்பதாம்மா எனக்கே புரியுது! துர்கா, உன்னுதையும் இந்தப் பொண்ணுகிட்ட குடுத்து மாத்திக்க."

"என்னுது நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள் துர்காதேவி. வயிறு எரிந்தது. அன்று முதல் மங்கலம்பேட்டை வியாபாரிகள் யார் வந்தாலும் முதலாளி கிரேசியின் மேசைக்கே அழைத்துப் போனார். துர்காதேவி கீபோர்டைத் தட்டுகிற சத்தம் மட்டும் கூடியது.

ஒருநாள் கிரேசி சாப்பிடப் போனதும் துர்காதேவி தன் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸைத் திறந்தாள். அவளைவிட அழகாகச் செய்து காட்டிவிட வேண்டும். தீம், ஐகான் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தட்டினாள். மவுஸை அழுத்தியதும் வந்த பட்டியலில் ஏதோ ஒரு டிக்கை எடுத்தாள். திரையில் இருந்த படங்கள் மொத்தமும் காணாமல் போயின. பில் இல்லை, ஸ்டாக் இல்லை. நீல வெளி மட்டும் இருந்தது.

எதையெதையோ அழுத்திக்கொண்டிருந்தபோது கிரேசி திரும்பி வந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"எல்லாம் அழிஞ்சிபோச்சு."

"அழியலக்கா, மறைஞ்சிருக்குது. நவுருங்க."

ரெண்டே தட்டு. எல்லாம் வந்துவிட்டன. கிரேசி அதோடு விடாமல் பில் ஃபோல்டருக்கு ஒரு மயில் படமும் வைத்தாள். அந்த நேரம் ராஜாங்கம் உள்ளே வந்தார்.

"அட, மயிலு! யாரு போட்டது?"

"அக்காவே போட்டாங்க" என்றாள் கிரேசி சட்டென்று.

"பலே துர்கா!"

இத்தனை நாள் ஏங்கிய வார்த்தை. ஆனால் கிரேசி போட்ட பிச்சையாக வந்தது. துர்காதேவியால் பொறுக்க முடியவில்லை.

"நான் இல்லீங்க. கிரேசிதான் போட்டுச்சு."

"அதானே பாத்தேன்" என்று சிரித்துக்கொண்டே அவர் சூளைப் பக்கம் போய்விட்டார்.

'அதானே' என்ற சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பொழுது சாய்ந்து பை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, துர்காதேவி கிரேசியின் முகம் பார்க்காமல் கேட்டாள்:

"அந்த மயிலை எப்படிப் போட்ட? நாளைக்குச் சொல்லிக்குடு. மொதலாளி இல்லாதப்ப."